‘படைத்தவர்’ என்ற ஒற்றைக் கட்டம்

ஒரு கலைஞரின் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் அவரை ஆவணப்படுத்தியாயிற்று என்று நம்புவது, என் தொழிலில் இருப்பவர்கள் பரப்பிய நோய். நானும் பரப்பியவன்தான். கலைச் சேகரிப்பு ஒன்றுக்குத் தரவுத்தளம் அமைத்துக் கொடுத்தபோது ‘படைத்தவர்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் வைத்தேன். அந்தக் கட்டம் எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குப் புரியவைத்தவர் கவாசே ஹசுய்.

வண்ண மரச்செதுக்கு அச்சு என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது அவர் பெயர். 1883இல் பிறந்து 1957இல் மறைந்த ஜப்பானியர். பனி, மழை, நிலவு, குடை பிடித்துத் தனியே போகும் ஒருத்தி என ஏறக்குறைய 600 படங்கள். ஆனால் அவர் செய்தது வரைவது. செர்ரிப் பலகையில் அதைச் செதுக்கியவர் வேறொருவர். மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ தட்டால் தாளைத் தேய்த்து, நிறம் நிறமாக அச்சேற்றியவர் இன்னொருவர். பணம் போட்டு, பக்கத்தில் நின்று திருத்தம் சொன்னவர் பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ. அந்தி வானத்தில் நீலம் கரைந்து இறங்குகிறதே, அது பலகையில் செதுக்கப்பட்டதல்ல. ஒவ்வொரு தாளுக்கும் அச்சிடுபவர் பலகையில் மையை நனைத்துத் துடைத்து வரவழைப்பது.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கத்தையடுத்த தீயில் வதனபேயின் கடையிலிருந்த பலகைகள் எரிந்தன. ஹசுயின் வீட்டில் 188 வரைவேடுகள் போயின. அதற்கு முந்தைய படங்களுக்கு, ஏற்கெனவே விற்றுப்போயிருந்த பிரதிகள்தான் சாட்சி. பிந்தைய பலகைகளின் கதை வேறு. அவற்றிலிருந்து அவர் இறந்த பின்னும் அச்சிட்டார்கள். அதே படம்தான், ஆனால் வேறு கை, வேறு வானம். எது எந்தக் காலத்துப் பிரதி என்று சொல்ல உதவுவது ஓரத்தில் இருக்கும் பதிப்பாளரின் சிறு முத்திரை. சில பதிப்பாளர்கள் செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்களையும் அங்கேதான் பொறித்தார்கள். ஸ்கேன் செய்யும் நாம் முதலில் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான்! ‘படம் சுத்தமாக இருக்கும்’ என்பார்கள்.

கலைஞனின் பார்வைதானே முக்கியம், கூலிக்குச் செதுக்கியவன் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானிலேயே வரைவது, செதுக்குவது, அச்சிடுவது எல்லாம் ஒருவரே செய்ய வேண்டும் என்று வாதிட்ட இயக்கம் ஒன்று இருந்தது. யமமோட்டோ கனே, ஒன்ச்சி கோஷிரோ போன்றவர்களுக்கு ஒற்றைக் கட்டம் ஓரளவு பொருந்தும். ஹசுய்க்கு அது பொருந்தாது. அவருடைய நாட்டு அரசே அதை உணர்ந்திருந்தது. 1950களின் தொடக்கத்தில் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக் குழு, பாரம்பரிய மரச்செதுக்கு அச்சுக்கலையைப் பதிவுசெய்ய அவரிடம் ஒரு படம் கேட்டது. அப்படி உருவானதுதான் ‘சோஜோஜி கோயிலில் பனி’ (1953). ஒரு பிரதிக்கு 40 தடவைக்கு மேல் அச்சு. குழுவுக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் தேவைப்படவில்லை. அது பிறக்கும் வழி தேவைப்பட்டது, படிப்படியாக.

புலம்பெயர்ந்த நம் ஓவியர்களுக்கு இணையப் பக்கம் அமைக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாளின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். அச்சிட்டவர் உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள். விழாமலர் பிறகு போடலாம்.

என் பழைய தரவுத்தளத்தில் இப்போது நான்கு கட்டங்கள்: வரைந்தவர், செதுக்கியவர், அச்சிட்டவர், பதிப்பித்தவர். நடுவில் உள்ள இரண்டும் பெரும்பாலும் காலி. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எடுக்கப்போவதில்லை.