புகையிலை: தடையா, வரியா?

கரோனா தீநுண்மி உலகை முடக்கிப்போட்ட 2020-ஆம் ஆண்டில் அரசுகள் அவசரமாக எடுத்த முடிவுகள் பலவற்றை நாம் மறந்துவிட்டோம். அவற்றுள் ஒன்று மறக்கத் தகாதது. அந்த ஆண்டு மார்ச் 27 அன்று, பொது முடக்கத்தின் ஓர் அங்கமாக, புகையிலைப் பொருள்களின் விற்பனையைத் தென்னாப்பிரிக்கா முற்றிலுமாகத் தடை செய்தது. ஆகஸ்ட் 17 வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அத்தடை நீடித்தது.

தடையின் நோக்கத்தைக் குறைகூற இயலாது. வந்திருப்பதோ நுரையீரலைத் தாக்கும் நோய். புகைபிடிப்போருக்கு அது தீவிரமடையும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் அந்த ஆண்டு மே மாதம் எச்சரித்தது. ஒரே சுருட்டைப் பலர் கைமாற்றிப் புகைப்பதால் தொற்று பரவும் என்ற அச்சமும் இருந்தது.

ஆனால், நடந்தது வேறு. கேப் டவுன் பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வாளர்கள் தடைக்காலத்திலேயே இணையவழியில் கருத்தறிந்தனர். புகைப்பதைத் தொடர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர், தடையை மீறி சிகரெட் வாங்கியதாகக் கூறினர். பழக்கத்தைக் கைவிட்டவர்களும் இருந்தனர். ஆனால், அவர்கள் சிறுபான்மையினரே. விலை பல மடங்கு உயர்ந்தது. அந்தக் கூடுதல் பணம் அரசுக் கருவூலத்துக்குச் செல்லாமல் கள்ளச்சந்தைக்காரர்களிடம் சேர்ந்தது. அரசு ஐந்து மாத வரி வருவாயை இழந்தது. இறுதியில், அத்தடை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று மேற்கு கேப் உயர்நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இந்தத் தடையை முன்னின்று செயல்படுத்தியவர் அமைச்சர் நகோசாசானா ட்லமினி-சூமா. அவர் புகையிலை எதிர்ப்புக்குப் புதியவர் அல்லர். நெல்சன் மண்டேலாவின் அமைச்சரவையில் 1994 முதல் 1999 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர். அந்த அரசு கையிலெடுத்த கருவி, தடை அன்று, வரி. சிகரெட்டின் சில்லறை விலையில் பாதியளவு வரியாக இருக்க வேண்டும் என்று இலக்கு நிர்ணயித்து, ஆண்டுதோறும் வரியை உயர்த்தியது. விளம்பரங்களுக்கும் 1999-இல் சட்டம் இயற்றித் தடைவிதித்தது. பத்தாண்டுகளில் சிகரெட் நுகர்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வரி வருவாயோ பெருகியது.

ஒரே நாடு, ஒரே தலைவர், ஒரே நோக்கம். ஒரு கருவி வென்றது, மற்றொன்று தோற்றது. காரணம் எளிது. அடிமைப்பழக்கம் உள்ளவரின் தேவை ஒரே நாளில் மறைவதில்லை. ஆனால், சட்டபூர்வமான சந்தையில் விலை படிப்படியாக ஏறும்போது அவர் சிறிது சிறிதாகக் குறைக்கிறார். கையில் காசு குறைந்த இளைஞர் தொடங்கவே தயங்குகிறார். தடையோ சந்தையை மூடுவதில்லை. அதை இருட்டுக்கு இடம்பெயர்க்கிறது.

நமது அண்டை நாடான பூடானின் அனுபவமும் இதையே உறுதிசெய்கிறது. 2004 முதல் புகையிலை விற்பனையைத் தடை செய்திருந்த அந்நாடு, இந்திய எல்லை வழியாக நடக்கும் கடத்தலால் தீநுண்மியும் உள்ளே வந்துவிடும் என்று அஞ்சி, 2020 ஆகஸ்டில் அரசுக் கடைகளிலேயே விற்க அனுமதித்தது. 2021-இல் சட்டத்தையே திருத்திவிட்டது.

இந்தியாவும் 2020 ஏப்ரலில் உள்துறை அமைச்சக வழிகாட்டுதல் மூலம் புகையிலை விற்பனையை நிறுத்தியது. மே மாதத் தொடக்கத்தில் தளர்த்தியது. சில வாரங்களே நீடித்ததால் அதன் பின்விளைவுகள் பெரிதாகப் பேசப்படவில்லை. நாம் கவலைகொள்ள வேண்டியது, தடை தோற்றது என்ற பாடத்தைப் பற்றி அன்று. வரி வெல்லும் என்ற பாடத்தை நாம் படிக்காததைப் பற்றி.

உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி (2016-17), இந்தியாவில் வயதுவந்தோரில் 7.7 சதவீதத்தினர் பீடியும், 4 சதவீதத்தினர் சிகரெட்டும் புகைக்கின்றனர். நம் நாட்டின் புகை, முதன்மையாக ஏழையின் பீடிப்புகை. ஆனால், ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது சிகரெட்டுக்கு விதிக்கப்பட்ட இழப்பீட்டு செஸ் பீடிக்கு விதிக்கப்படவில்லை. இப்போதோ ஒருபடி பின்னேயும் சென்றிருக்கிறோம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்த அதே கூட்டத்தில், பீடி மீதான வரியை 28-லிருந்து 18 சதவீதமாகவும், பீடி இலை மீதான வரியை 18-லிருந்து 5 சதவீதமாகவும் குறைக்க முடிவெடுத்தது.

பீடித் தொழிலாளர்களின் வாழ்வாதாரமே இதற்குச் சொல்லப்படும் காரணம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் இத்தொழிலில் பதிவு பெற்றுள்ளனர், பெரும்பாலோர் பெண்கள். திருநெல்வேலி, தென்காசி மாவட்டச் சிற்றூர்களில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களின் வருமானத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. பொது முடக்கத்தில் இலையும் தூளும் கிடைக்காமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

ஆனால், வரிக்குறைப்பு அந்தப் பெண்ணின் கூலியை உயர்த்துமா? வரி குறைந்தால் ஒன்று பீடியின் விலை குறையும். அல்லது உற்பத்தியாளரின் லாபம் கூடும். சுற்றும் கை பெறும் கூலியை முடிவு செய்வது வரி அன்று. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடியின் மீது நல செஸ் வசூலிக்கப்பட்டது; தொழிலாளர்களின் மருத்துவம், வீட்டுவசதி, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. 2017-இல் ஜிஎஸ்டியை ஒட்டி அந்த செஸ் ஒழிக்கப்பட்டது. தொழிலாளர் மீது உண்மையான அக்கறை இருந்தால் முதலில் மீட்க வேண்டியது அதைத்தான்.

ஏழையின் சிறு இன்பத்துக்கு வரியா என்று கேட்போரும் உண்டு. புகையிலையால் வரும் நோய்களாலும் அகால மரணங்களாலும் 2017-18-இல் இந்தியாவுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு ரூ.1.77 லட்சம் கோடி என மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் ஏழைக் குடும்பத்தின் பங்கு, நகையை அடகு வைத்துச் செய்யும் மருத்துவச் செலவாகவும், நாற்பது வயதில் நின்றுபோகும் வருமானமாகவும் வந்து சேர்கிறது. வரியைவிடக் கொடிய சுமை அதுவே.

செய்ய வேண்டியவை தெளிவானவை. பீடி வரியைக் குறைப்பதற்குப் பதிலாக ஆண்டுதோறும் படிப்படியாக உயர்த்த வேண்டும். அந்தக் கூடுதல் வருவாயைப் பீடித் தொழிலாளர்களின் மாற்றுத் தொழில் பயிற்சிக்கும் நலநிதிக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும். பெட்டிக்கடைகளில் சிகரெட்டை ஒற்றை ஒற்றையாக விற்பதை, மகாராஷ்டிரம் 2020-இல் செய்ததுபோல், எல்லா மாநிலங்களும் தடுக்க வேண்டும்; பெட்டியில் 85 சதவீத இடத்தில் அச்சிடப்படும் எச்சரிக்கை, ஒற்றைச் சிகரெட் வாங்குபவரின் கண்ணில் படுவதே இல்லை. புகைப்பதை விட விரும்புவோருக்கான ஆலோசனை, ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை சென்றடைய வேண்டும்.

கொள்ளைநோய்க் காலத்தில் எடுத்த முடிவுகளுக்கு அவசரம் ஒரு காரணமாக இருந்தது. இன்று அந்த அவசரம் இல்லை. பீடியை மலிவாக்கும் முடிவை ஜிஎஸ்டி மன்றம் நிதானமாக மறுஆய்வு செய்ய வேண்டும்.