பந்து யார் கையில் இருக்க வேண்டும்?

நமது சங்க இதழில் வரி, தராசு முத்திரை, உணவு உரிமம், பாக்கி வசூல் என்று எழுதியே பழகிவிட்டோம். இந்த முறை ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறோம். அதுவும் அமெரிக்காவில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்து பற்றி! மண்டிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். தொலைக்காட்சியில் மேலோட்டமாகப் பார்த்தால், உயரமானவர்கள் ஓடித் துள்ளுவது மட்டும்தான் தெரியும். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் நேரம், இடம், ஆள் ஆகிய மூன்றையும் வைத்துப் போடும் கணக்கு அது என்பது விளங்கும்.

அந்தக் கணக்கில் தலையான கேள்வி ஒன்று உண்டு. பந்து யார் கையில் இருக்க வேண்டும், எப்போது கைமாற வேண்டும், அதை யார் தீர்மானிக்க வேண்டும்? நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். களத்தில் நிற்பவன் தன் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்று விட்ட அணிகள் பெரிய வெற்றி கண்டிருக்கின்றன. இதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

24 விநாடிக் கணக்கு

என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் ஆரம்ப காலத்தில் ஓர் அணி பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். முந்திக்கொண்ட அணி பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி நேரத்தை ஓட்டிவிடும். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்று வென்றது. 48 நிமிட ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது 37 புள்ளி! காசு கொடுத்து வந்து உட்கார்ந்தவன் மறுபடி வருவானா?

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் ஒரு சிறு தொழிலதிபர். பெயர் டேனி பயசோன். இத்தாலியில் பிறந்தவர், சிராக்யூஸ் நகரில் பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்தியவர், சிராக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் சொந்தக்காரர். அவரும், அணி நிர்வாகத்தில் இருந்த லியோ ஃபெர்ரிஸும் போட்ட கணக்கு நம் சிட்டைக் கணக்கு போலவே எளிமையானது. விறுவிறுப்பான ஆட்டத்தில் ஓர் அணி வளையத்தை நோக்கிச் சுமார் 60 முறை எறிகிறது. இரண்டு அணிக்கும் சேர்த்து 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. 120-ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் ஓர் அணியின் சராசரி ஆட்டத்துக்கு 79.5 புள்ளி. விதி வந்த பருவத்தில் அது 93.1 ஆயிற்று. 1955-இல் கோப்பையை வென்றதும் பயசோனின் அணிதான்.

கிட்டங்கியில் தூங்கும் சரக்கு வட்டியைத்தான் தின்னும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தும் அப்படியே. 24 விநாடி என்று கெடு வைத்த பிறகு, அந்தக் கெடுவுக்குள் தடுப்பார் இல்லாமல் நிற்கும் ஆளைக் கண்டுபிடிப்பதே ஆட்டத்தின் உயிர்நாடி ஆகிவிட்டது.

தெரிந்தும் தடுக்க முடியாத உத்தி

இந்த உத்திகளில் பழையதும் எளியதும் 'பிக் அண்ட் ரோல்'. பந்து வைத்திருப்பவனை எதிரணிக்காரன் ஒருவன் மறித்து நிற்கிறான். பந்துக்காரனின் கூட்டாளி ஒருவன் வந்து, மறிப்பவனின் வழியில் தூண்போல நின்றுவிடுகிறான். பந்துக்காரன் அந்தத் தூணை ஒட்டியே ஓடுகிறான். இப்போது எதிரணியில் இரண்டு பேருக்குச் சங்கடம். இருவரும் பந்துக்காரன் மேல் பாய்ந்தால், தூணாக நின்றவன் திரும்பி வளையத்தை நோக்கி ஓடுவான். பந்து அவனுக்குப் போகும். இருவரும் அவனோடு பின்வாங்கினால் பந்துக்காரனே எறிவான். மூன்றாவது ஆள் உதவிக்கு ஓடி வந்தால், அவன் விட்டு வந்த ஆள் மூலையில் தனியாக நிற்பான்.

யூட்டா ஜாஸ் அணியின் ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் 1985 முதல் 2003 வரை 18 பருவங்கள் சேர்ந்து ஆடினார்கள். இதுதான் வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும். தெரிந்தும் அடைக்க முடியவில்லை. தன் பாஸை வாங்கிக் கூட்டாளி கூடையில் போட்ட கணக்கில் ஸ்டாக்டனின் பெயரில் 15,806 இருக்கிறது. 2003-இல் அவர் ஓய்வு பெற்றார். அந்த எண்ணை இதுவரை எவரும் தொடவில்லை.

காரணம் என்ன? இதில் முடிவை முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. எதிரி எந்தக் கதவை அடைக்கிறானோ, அதை விட்டுத் திறந்திருக்கும் கதவில் நுழைவது. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அந்த நொடியில் பார்ப்பவன் களத்தில் நிற்பவன்; ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் அல்ல.

ஜோர்டான் கற்றுக்கொண்டது

மைக்கேல் ஜோர்டான் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 37.1 புள்ளி எடுத்த ஆட்டக்காரர். ஆனால் அவர் ஆடிய முதல் ஆறு பருவங்களில் சிகாகோ புல்ஸ் அணிக்குக் கோப்பை இல்லை. 1988, 1989, 1990 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியே அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. டெட்ராய்ட் செய்தது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஜோர்டான் கையில் பந்து வந்ததும் இரண்டு மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே ஆளை நம்பிய கடை; அந்த ஆளைக் கட்டிப்போட்டால் கடை மூடியது.

1989-இல் ஃபில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவர் தாக்குதல் முறையை டெக்ஸ் விண்டர் என்ற உதவிப் பயிற்சியாளரிடம் விட்டார். அப்போது விண்டருக்கு வயது 67. 1962-லேயே இந்த முறையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். 'முக்கோணம்' என்று அதற்குப் பெயர். களத்தின் ஒரு பக்கத்தில் மூன்று பேர்: மூலையில் ஒருவன், பக்கக்கோட்டின் அருகே ஒருவன், வளையத்துக்குப் பக்கத்தில் ஒருவன். மறுபக்கத்தில் இரண்டு பேர். ஆளுக்கு ஆள் சுமார் 15 முதல் 18 அடி இடைவெளி. அப்படி நின்றால் எதிரணியில் ஒருவனே இரண்டு பேரைக் காவல் காக்க முடியாது. முதல் பாஸ் எங்கே போகிறதோ, அதைப் பார்த்து மற்ற நால்வரும் நகர வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஓரத்திலிருந்து உத்தரவு வராது.

ஜோர்டானுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பந்தைப் பிறர் கையில் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் பலன் கண்கூடாகத் தெரிந்தது. 1991 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் லேக்கர்ஸ் அணியினர் ஜோர்டானைச் சூழ்ந்தபோது, காவல் இல்லாமல் நின்ற ஜான் பாக்ஸ்சனுக்குப் பந்து போயிற்று. பாக்ஸ்சன் 20 புள்ளி எடுத்தார். சிகாகோவுக்கு முதல் கோப்பை. 1993-இல் ஃபீனிக்ஸ் நகரில் ஆறாம் ஆட்டம். சிகாகோ 2 புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து ஜோர்டானிடமிருந்து பிப்பனுக்கு, பிப்பனிடமிருந்து வளையத்தின் அருகே கிராண்டுக்கு, அங்கிருந்து வெளியே தனியாக நின்ற பாக்ஸ்சனுக்கு. மூன்று புள்ளி. மிச்சம் 3.9 விநாடி. 99-98. 1997-இலும் அதே கதை. ஜோர்டானை அடைக்க ஸ்டாக்டன் ஓடி வந்தார். அவர் விட்டு வந்த ஸ்டீவ் கெரிடம் பந்து போயிற்று. மிச்சம் 5 விநாடியில் கூடை.

உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர், கடைசி நொடியில், தன்னைவிடச் சின்ன ஆளிடம் பந்தைக் கொடுக்கிறார். இதை நம் முதலாளிமார்கள் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

ஒரு சிப்பந்தியின் யோசனை

ஸ்டீவ் கெர் பிறகு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் கிரெக் பாப்போவிச்சிடம் ஆடினார். அந்த ஸ்பர்ஸ் அணி, கெர் ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 இறுதித் தொடரில் கைக்கு எட்டிய கோப்பையை மியாமி ஹீட் அணியிடம் பறிகொடுத்தது. அடுத்த பருவத்தில் அந்த அணியில் எந்த ஆட்டக்காரரும் ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம்கூட ஆடவில்லை. வேலையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்து 62 ஆட்டம் வென்றார்கள். 2014 இறுதித் தொடரில் அதே மியாமியை 4-1 என்று வென்றார்கள். தனக்கு நல்ல வாய்ப்பு இருந்தாலும், அதைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுப்பது அவர்களுடைய வழக்கம்.

2015-இல் கெர், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பயிற்சியாளராக இறுதித் தொடருக்கு வந்தார். கிளீவ்லாண்ட் அணி 2-1 என்று முன்னால் நின்றது. அப்போது நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர் ஒரு யோசனை சொன்னார். ஆட்டப் பதிவுகளை ஒழுங்குசெய்து கொடுப்பது போன்ற வேலைகளைப் பார்த்துவந்தவர் அவர். முந்தைய ஆண்டு ஸ்பர்ஸ் அணி போரிஸ் டியாவை முதல் ஐவரில் இறக்கியதைப் பதிவில் பார்த்து, 7 அடி உயர போகட்டை உட்காரவைத்து, 6 அடி 6 அங்குல இகுடாலாவை ஆரம்பத்திலேயே இறக்கலாம் என்றார். இகுடாலா அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் ஒன்றில்கூட முதல் ஐவரில் இறங்கியதில்லை. கெர் ஏற்றுக்கொண்டார். நான்காம் ஆட்டம் 103-82. தொடர்ந்து மூன்று வெற்றி. 1975-க்குப் பிறகு அந்த அணிக்கு முதல் கோப்பை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் இகுடாலா. யோசனை யாருடையது என்பதையும் கெர் வெளிப்படையாகவே சொன்னார்.

முறை மட்டும் போதுமா?

ஜோர்டான் மாதிரி ஆள் இருந்தால் எந்த முறையும் வெல்லும் என்று ஒரு வாதம் உண்டு. ஜோர்டான் இருந்தும் ஆறு பருவம் கோப்பை இல்லை என்பதே அதற்குப் பதில். அதே சமயம், முறை இருந்தால் போதும் என்பதும் தவறு. 2014-இல் ஃபில் ஜாக்சன் நியூயார்க் நிக்ஸ் அணியின் தலைவராகி அங்கும் முக்கோணத்தைக் கொண்டுவந்தார். 2014-15 பருவத்தில் அந்த அணி 17 வென்று 65 தோற்றது. 2017-இல் அவர் விலக நேர்ந்தது. முறைக்கேற்ற ஆளும் இல்லை. மூன்று புள்ளி எறிதல் பெருகி ஆட்டமும் மாறியிருந்தது. ஆளைப் பழக்காமல் அதிகாரம் கொடுத்தால் குழப்பமே மிஞ்சும் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

நம் கடையில்

இப்போது நம் கடைக்கு வருவோம். பெரிய சங்கிலிக் கடைகளும், பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பெனிகளும் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. விலையில் அவர்களோடு மோத நம்மால் இயலாது. ஆனால் அங்கே நிற்கும் பையனுக்கு ஒரு ரூபாய் குறைக்க அதிகாரம் கிடையாது; கம்ப்யூட்டர் சொன்னதுதான். நம் கடைப்பையனுக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியும், வீடு தெரியும், எந்தத் தேதியில் பாக்கி தீர்ப்பார் என்பதும் தெரியும். இடத்திலேயே தீர்மானிக்கும் வசதி நமக்கு மட்டுமே உள்ள பலம். அந்தப் பலத்தைத்தான் நாம் கல்லாவில் பூட்டி வைத்திருக்கிறோம். வண்டு விழுந்த பருப்பை மாற்றிக் கொடுக்கக்கூட "முதலாளி வரட்டும்" என்கிறான் பையன். முதலாளி படுத்தால் கடை படுத்துவிடுகிறது.

நாற்பது வயது மகன் ஒரு மூட்டை சரக்கு கொள்முதல் செய்ய அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால், பேரன் எதற்குக் கடைக்கு வருவான்? பிள்ளைகள் கடைக்கு வர மறுக்கிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் வருந்துகிறோம். அவர்கள் கையில் பந்தே வராத ஆட்டத்துக்கு அவர்களை ஏன் கூப்பிடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரேயடியாக எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொல்லவில்லை. கெட்ட சரக்கை மாற்றிக் கொடுப்பது, பழைய வாடிக்கைக்குச் சிறு தொகை குறைப்பது, ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் கடன் எழுதுவது ஆகியவற்றைப் பழகிய பையனிடம் விட்டுவிடுங்கள். ஒரு வகைச் சரக்கின் கொள்முதலை முழுவதுமாக மகனிடமோ மகளிடமோ கொடுங்கள். மாதக் கடைசியில் கணக்கு மட்டும் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் கல்லாவை விட்டு எழுந்து, கடை எப்படி நடக்கிறது என்று எட்ட நின்று பாருங்கள். 67 வயதில் டெக்ஸ் விண்டர் ஓரத்தில் உட்கார்ந்துதான் ஆட்டத்தை நடத்தினார். நம்மில் பலர் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம்.