அயலாரின் ஓசையும் நம் உரிமையும்

புத்தூர்ச் சந்தியருகே மருத்துவர் ஒருவர் சிகிச்சை நிலையம் திறக்கிறார் எனக் கொள்வோம். அடுத்த வளவில் நெடுங்காலமாக இயங்கும் மரம் அரியும் பட்டறை பகலெல்லாம் இரைகின்றது. “முந்தி வந்தவன் நான்” என்கிறார் பட்டறைக்காரர். முந்தி வந்தமையால் மட்டும் உரிமை உண்டாகுமா?

இலண்டனில் இத்தகைய வழக்கொன்று எழுந்தது. பிரிட்ஜ்மன் என்னும் மிட்டாய் வியாபாரி இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் தொழிலுக்காக உரலில் இடித்து வந்தார். அயலிலிருந்த மருத்துவர் ஸ்டர்ஜஸ், தோட்டத்தின் கோடியில் நோயாளரைப் பார்க்கும் அறை கட்டிய பின்னரே அவ்வோசை அவருக்கு இடையூறாயிற்று. 1879இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவர் பக்கமே தீர்த்தது. இடையூறு தோன்றுமுன் கழிந்த ஆண்டுகள் உரிமைக் கணக்கிற் சேரா என்பதே அதன் நியாயம்.

அஃது ஆங்கில நாட்டுத் தீர்ப்பு. இலங்கையிலோ, ஓசை ஊரவர் பலரையும் வருத்துமாயின், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நீதவானிடம் முறையிடலாம். ஒருவரையே வருத்துமாயின், மாவட்ட நீதிமன்றில் தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம். எவ்வழிச் செல்லினும், ஓசை எழும் நாளையும் நேரத்தையும் குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பே பின்னர்ச் சான்றாகும்.

ஆயினும் பட்டறையும் ஒரு குடும்பத்தின் சீவனோபாயமன்றோ? வழக்கு முடிந்த பின்னும் இருவருக்கும் வேலி ஒன்றே. ஆதலின், முதலில் அயலவரோடு பேசுக. அது பயனளியாவிடின் மத்தியஸ்த சபையை நாடுக.