வெளுப்பு வேறு, பொலிவு வேறு

நாகர்கோவில் மணிமேடையிலிருந்து வடசேரிக்கு நடந்து போகிறவர்கள், வழியிலுள்ள அலங்காரப் பொருள் கடைகளின் முன் சற்று நின்று, கண்ணாடிக்குள் இருக்கும் டப்பாக்களைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு டப்பா 7 நாளில் முகத்தைச் சிவப்பாக்கித் தருவதாக வாக்களிக்கிறது. பக்கத்து டப்பா கொஞ்சம் நிதானமான சுபாவம் உடையது போலும். அது 14 நாள் தவணை கேட்கிறது. மூன்றாவது டப்பாவில் இரண்டு முகங்கள் அச்சிட்டிருக்கின்றன. கறுத்த முகம் வாடியிருக்கிறது; வெளுத்த முகம் சிரிக்கிறது. நிறம் மாறினால் துக்கமும் மாறிவிடும் என்று உபதேசிக்க இதைக் காட்டிலும் சுருக்கமான வழி கிடையாது.

1975-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. வெளுப்பு என்று பொருள்படும் சொல் போய், பொலிவு என்று பொருள்படும் சொல் வந்தது. ஆயினும் நம் வீடுகளில் இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் சரியாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆகையால் இந்த வாரம் அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல உத்தேசம்.

முதலில் தோல் என்பது என்ன? வளர்ந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்துப் போட முடியுமானால் அது ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். அதன் மேலடுக்கு ஓயாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அடியில் பிறக்கும் அணுக்கள் மெல்ல மெல்ல மேலே ஏறி, உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்து போகின்றன. இந்தப் பிரயாணத்துக்குச் சுமார் ஒரு மாத காலமோ, அதற்கு மேலோ ஆகிறது. நல்ல வழக்கம் எதுவானாலும் அதன் பலன் தோலில் தெரிய ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். 7 நாளில் முகம் வெளுத்தது என்றால், தோல் எதையோ பெற்றுக்கொண்டது என்று அர்த்தமில்லை. எதையோ பறிகொடுத்தது என்று அர்த்தம்.

பறிகொடுத்த பொருளின் பெயர் மெலனின். கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் மெலனினை உண்டாக்கும் அணுக்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை உண்டாக்கும் பொருளின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். சூரியனின் கடுங்கதிர்கள் உள்ளே புகுந்து கேடு செய்யாமல் தடுக்கும் குடை அது. நமது நாஞ்சில் நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறான். இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு இயற்கை ஒரு நல்ல குடையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அதைக் காசு கொடுத்துக் கிழித்துக்கொள்வதை என்னவென்று சொல்வது?

பழந்தமிழர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். சங்கப் புலவர்கள் பெண்ணின் மேனியழகை 'மாமை' என்றார்கள். மாந்தளிரைப் போன்ற கருமை கலந்த நிறம் அது. அவள் மனம் நொந்து, ஊண் உறக்கம் கெட்டு, மேனி வெளிறிப்போனால் அதற்குப் 'பசலை' என்று பெயர் வைத்தார்கள். மாமை நலம், பசலை நோய். இன்றோ பசலையைப் பணம் கொடுத்து வாங்குகிறோம். கார்மேக வண்ணனைக் கோயிலில் கைகூப்பித் தொழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து, "பெண் கொஞ்சம் நிறம் மட்டு" என்று மூக்கைச் சுளிக்கும் பெரியவர்களை நேயர்கள் யாவரும் அறிவார்கள்.

இது வெறும் ரசனையைப் பற்றிய விவாதமாய் இருந்தால் நாம் இத்தனை தூரம் எழுத மாட்டோம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாய் இருப்பதால்தான் எழுதுகிறோம். கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவிலுள்ள கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரையில், சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கெடுக்கும் ஒரு வகை நோய் 22 பேரிடம் காணப்பட்டது. அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அபூர்வமான வகை இருந்தது. வைத்தியர்கள் துருவித் துருவி விசாரித்ததில், அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகளைப் பூசியவர்கள் என்று தெரியவந்தது. களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோருக்குக் குணம் கண்டது என்பது ஓர் ஆறுதல். அந்த ஆண்டிலேயே கேரள சர்க்கார் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட ஆரம்பித்தது.

குற்றவாளி பாதரசம். மெலனின் உண்டாவதற்கு வேண்டிய ஒரு நொதியை அது முடக்கிவிடுகிறது. அதனால்தான் முகம் சீக்கிரம் வெளுக்கிறது. ஆனால் பூசிய பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோலின் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. அதன் ஆவி அதே வீட்டில் தவழும் குழந்தையையும் விடுவதில்லை. இத்தகைய களிம்புகளை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. "தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று டப்பாவில் எச்சரித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பாதரசம் தங்கத்தைக் கெடுக்கும் என்பது தெரிந்தே அவ்வாறு அச்சிடுகிறார்கள். நகைக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா? செய்தவர் பெயரும் விலாசமும் இல்லாத டப்பாவைத் தொடவே கூடாது.

இன்னொரு வகைக் களிம்பு ஸ்டீராய்டு கலந்தது. தக்க நோய்க்கு, தக்க காலம் வரை, வைத்தியர் சொற்படி பூசினால் அது நல்ல மருந்து. நிறத்துக்காக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, முகப்பருவும் ரோமமும் கிளம்பும். நிறுத்தினாலோ முகம் பற்றி எரியும். படர்தாமரைக்குப் பூசினால் அரிப்பு அடங்கும். பூஞ்சை மட்டும் உள்ளே சௌக்கியமாய்ப் பரவும். 2018-ல் இந்திய அரசாங்கம் இத்தகைய 14 மருந்துகளை, வைத்தியர் சீட்டு இன்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டைக் கேட்காமல் கொடுக்கும் கடைக்காரர் நமக்கு உபகாரம் செய்வதாக எண்ணிவிடக் கூடாது.

"எல்லாவற்றையும் வேண்டாம் என்றால், பின் என்னதான் செய்வது?" என்று நேயர்கள் கேட்கலாம். செய்ய வேண்டியவை மிகச் சில, செலவும் அதிகமில்லை.

குளியலை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆறும் சானலும் குளமும் நிறைந்த நாட்டில் குளிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோப்பை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். தோலின் இயற்கைத் தன்மை லேசான புளிப்பு, சோப்போ காரம். அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குச் சோப்பு அவசியம். கைகால்களில் தினமும் இரண்டு வேளை தேய்த்தால் இயற்கையான எண்ணெய்ப் பசை போய், தோல் வறண்டு அரிக்கும். கொதிக்கும் வெந்நீரும் அதே கெடுதலைச் செய்யும்.

அடுத்தது எண்ணெய். குளித்து ஈரம் ஒற்றி எடுத்தவுடன், மேனி முழுவதும் உலர்வதற்கு முன், சில துளி தேங்காயெண்ணெயைக் கைகால்களில் தடவிக்கொண்டால், அந்த ஈரம் உள்ளேயே தங்கும். வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் நல்லது என்று இக்காலத்துப் பரிசோதனைகளும் கண்டிருக்கின்றன. முகப்பரு உள்ள பிள்ளைகள் முகத்தில் மட்டும் எண்ணெய் பூசாமல் இருப்பது நலம். எலுமிச்சஞ்சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போவதும் கூடாது. தோல் வெந்து, முன்னைவிடக் கறுத்த தழும்பு விழும்.

வெயிலுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. நமது நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் வேளையெல்லாம் வெயில் கடுமையானது. அப்போது குடை, ஓலைத் தொப்பி, முழுக்கைச் சட்டை இவற்றில் எதுவானாலும் உதவும். வயலிலும் கடலிலும் உழைக்கிறவர்களுக்கு இது அலங்காரமல்ல, ஆரோக்கியம். இயன்றவர்கள் 30 அல்லது அதற்கு மேற்பட்ட எண் கொண்ட வெயில்காப்புக் களிம்பைப் பூசலாம். குடையைப் பிடித்தால் ஆண்மைக்குக் குறைவு என்று எண்ணும் வாலிபர்கள், அந்த எண்ணத்தை நிழலில் உட்கார்ந்து மறுபடி யோசித்துப் பார்க்கட்டும்.

மழைக்காலத்துக்கு என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் ஜில்லாவுக்கு உண்டு. ஆகவே வருஷத்தில் பாதி நாள் துணி சரியாய்க் காய்வதில்லை. தேமலுக்கும் படர்தாமரைக்கும் அதுவே கொண்டாட்டம். நாஞ்சில் நாட்டார் துவர்த்து என்று சொல்லும் துண்டு ஆளுக்கு ஒன்று தனியாக இருக்க வேண்டும். நனைந்த உடுப்போடு பிள்ளைகள் வகுப்பில் மாலை வரை உட்கார்ந்திருப்பதை நாம் மழைக்காலந்தோறும் பார்க்கிறோம். பையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்து அனுப்புவது ஒரு டப்பா களிம்பைவிட மேலான சரும வைத்தியம்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, பயறு, பழங்கள், மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சாளை மீன். இரவில் போதிய தூக்கம். புகையிலையின் புகை தோலில் அகாலச் சுருக்கத்தைக் கொண்டுவரும் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொல்வது எல்லாவற்றிலும் முக்கியமானது. வாரத்தில் ஒரு நாள் உடம்பு முழுவதையும் கண்ணால் பாருங்கள். நிறம் வெளுத்தோ சிவந்தோ, தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் ஒன்று இருந்தால் அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் காணப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம் நாட்டவர். 6 மாதமோ 12 மாதமோ மருந்து சாப்பிட்டால் பூரணமாய்க் குணமாகும். சர்க்கார் அதை இலவசமாகவே தருகிறது. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் கையும் காலும் ஊனமாகின்றன. சேவாகிராமத்தில் காந்தியடிகள் தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30-ஆம் தேதியே நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளாக அனுஷ்டிக்கப்படுகிறது. தோலைக் கண்டு மனிதரை விலக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு வேண்டியதில்லை.

இந்த வழக்கங்களெல்லாம் சுலபம். கஷ்டமானது வேறொன்று இருக்கிறது. அது நாக்கைப் பற்றியது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பாதரசக் களிம்பை வாங்கப் போகிறாள் என்றால், அவளைக் கடைக்கு அனுப்பியது விளம்பரம் மட்டுமல்ல. "வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய், பிறகு யார் கட்டிக்கொள்வார்கள்?" என்ற வீட்டு வார்த்தையும், பள்ளி நாடகத்தில் சிவந்த பிள்ளைக்கே ராணி வேஷம் கொடுக்கும் வழக்கமும், கல்யாண விளம்பரத்தில் நிறத்தைக் கேட்கும் வரியும் சேர்ந்துதான் அனுப்புகின்றன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கைக்கு இருக்கும் விவேகம் நமக்கும் இருந்துவிட்டால், அந்த டப்பாக்கள் கண்ணாடிக்குள்ளேயே கிடந்து தூசி படிந்து கறுத்துப் போகும். அவை மாத்திரம் கறுக்கட்டும்!