மணலின் செல்வம் யாருக்கு?

நமது தேசம் இயற்கை வளத்தில் எதற்கும் குறைந்ததல்லவென்று மேடைக்கு மேடை பெருமை பேசப்படுகின்றது. அப்படியானால் ஜனங்கள் ஏன் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகவேண்டுமென்று கேட்டால், “எல்லாம் தலைவிதி” என்கிறார்கள். விதி என்பது கணக்குக் காட்ட இஷ்டமில்லாதவர்களுக்குச் சவுகரியமான ஒரு வார்த்தை என்பதே நமது அபிப்பிராயம்.

தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் நின்று யோசித்தால் விதியைத் தேடவேண்டியதில்லை. இங்கிருந்து கிழக்கே மிடாலம், மணவாளக்குறிச்சி வரையில் மணலிலே இல்மனைட்டும், மோனசைட்டும், சிர்கானும் கலந்து கிடக்கின்றன. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே இதைக் கண்டறிந்தார். கயிறு திரித்தவர்கள் நாம்; நாம் தூசியென்று உதறியதை அவர் பரீட்சித்துப் பார்த்தார். அதிலுள்ள தோரியம் ஐரோப்பாவின் காஸ் விளக்குகளுக்குப் போயிற்று. நமக்கு மண் வாரிய கூலி மிஞ்சிற்று.

வெள்ளைக்காரன் போன பிறகாவது மாறிற்றா? 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் கம்பெனி ஏற்பட்டது; 1963-இல் முழுவதும் சர்க்காருடையதாயிற்று. ஆயினும் இல்மனைட்டை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டு, அதிலிருந்து செய்யும் வெள்ளைச் சாயப்பொடியை விலைகொடுத்து வாங்குகிற தேசமாகவே இருக்கின்றோம். கதம்பையை விற்றுக் கயிறு வாங்குகிறவனை இவ்வூரார் புத்திசாலி என்பார்களா?

வளமுள்ள தேசங்கள் பல இப்படித்தான் தேங்கிவிட்டன. நைஜீரியாவில் 1956-இல் எண்ணெய் அகப்பட்டது, வறுமை தீரவில்லை. பூமியிலிருந்தே பணம் வரும்போது சர்க்கார் குடிகளின் வரியை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே குடிகளுக்குப் பதில் சொல்லவும் அவசியமில்லாமற் போகின்றது. போட்ஸ்வானாவோ 1966-இல் விடுதலையடைந்தபோது பரம ஏழை. வைரம் கிடைத்ததும் கம்பெனியோடு பேரம் பேசித் தன் பங்கை வாங்கி, பள்ளிக்கூடமும் ரஸ்தாவும் போட்டது. நார்வே எண்ணெய்ப் பணத்துக்கு 1990-இல் தனி நிதியே ஏற்படுத்தியது. அங்கே எண்ணெய்க்கு முன்பே படிப்பும் கணக்குக் கேட்கும் பழக்கமும் இருந்தன என்பதை மறக்கலாகாது.

நிற்க. கிள்ளியூர் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் யோசனையைக் கடலோர ஜனங்கள் 2024-இல் பலமாக எதிர்த்தார்கள். உடனே அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்பது யோக்கியமா? கரை அரிக்குமா, கதிர்வீச்சால் நோய் வருமா என்பது அவர்கள் கேள்வி. பரிசோதனை முடிவுகளைத் தமிழில் வெளியிட்டுப் பதில் சொல்லட்டும். கனிமம் வெட்டும் ஜில்லாக்களுக்கென்று 2015-இல் சட்டப்படி ஒரு நிதி வகுக்கப்பட்டிருக்கின்றது. அதில் வந்தது எவ்வளவு, எந்த ஊருக்குப் போயிற்று என்று ஒவ்வொரு கிராமத்திலும் எழுதி ஒட்டட்டும். மணலைப் பண்டமாக்கும் தொழிற்சாலையை இந்த ஜில்லாவிலேயே வைத்து, நமது பிள்ளைகளுக்கு ரசாயனம் கற்பித்து வேலை கொடுக்கட்டும். இவற்றுக்குச் சம்மதமா என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மண்வெட்டியை எடுக்கட்டும்.