கடலில் ஒருவர், கதவுக்குள் ஒருவர்



2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். உடன்பிறந்தார் இருவர் அந்த ஓர் இரவைக் கழித்த விதத்தையே இம்மாதம் உங்களிடம் சொல்ல விழைகிறேன். அண்ணன் வாலிநோக்கம் கடலில் மீன்பிடிப்பவர். தங்கை சிவகாசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எங்கள் தெருவில் குடியிருப்பவள். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கடலும் கரிசலும் வெவ்வேறு உலகம் என எண்ணிவிட வேண்டாம். 1985 வரை இரண்டும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவைதாம்.

நிறைநிலா இரவில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும் என்பர் வலைக்காரர். அன்றும் பெரிய எதிர்பார்ப்பின்றியே அவர்கள் சென்றிருந்தனர். இரவு 9.57 மணிக்கு நிலவின் ஓரம் கருகத் தொடங்கியது. 11 மணியளவில் அது முழுவதுமாகப் பூமியின் நிழலுக்குள் சென்று, 82 நிமிடங்கள் செம்புத் தட்டுப் போல் உச்சிவானில் நின்றது. பௌர்ணமிக்கு நடுவே ஓர் அமாவாசை! நிலவொளியில் மறைந்திருந்த விண்மீன்கள் வெளிப்பட்டன. கும்மிருட்டு இரவுகளில் மட்டுமே நீரில் தெரியும் மினுக்கொளி, வலையை இழுக்கும்போது அன்றும் சிதறித் தெரிந்ததாம். படகில் இருந்த நால்வரும் அமர்ந்தபடியே, ஒருவர் பின் ஒருவராக, இரண்டு ரக்அத் தொழுதனர்.

அடுத்த வாரம் கருவாட்டுப் பொட்டலத்துடன் தங்கையைப் பார்க்க வந்தபோது அவர் இதைச் சொன்னார். "பயமாக இல்லையா?" என்று கேட்டேன். "கிரகணம் என்றால் தொழுகை என்றுதான் சிறு வயதிலிருந்து பழகியிருக்கிறோம். பயப்பட என்ன இருக்கிறது?" என்றார்.

அருகில் இருந்த தங்கை தலை கவிழ்ந்தாள். அவள் அன்று ஒன்பது மணிக்கே அறைக்குள் வைக்கப்பட்டவள். சன்னல் அடைக்கப்பட்டது. கத்தி, ஊசி எதையும் தொடக்கூடாது. கிரகணம் விடும்வரை தண்ணீரும் கூடாது. 1.26 மணிக்கு நிழல் முற்றிலும் விலகிய பின்னரே அவள் வாய் நனைத்தாள். மாமி கொடியவர் அல்லர். பேரப்பிள்ளை உதட்டுப் பிளவுடன் பிறந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. அவருடைய மாமியும் அவருக்கு அப்படித்தான் செய்தாராம்.

கருவில் குழந்தையின் உதடு உருவாவது 4 முதல் 7 வாரங்களுக்குள். ஆறாம் மாதத்தில் எந்த நிழலும் அதைப் பிளக்க இயலாது. பிளவுக்குப் பரம்பரைக் கூறுகளும், தாயின் சத்துக்குறைவு, புகை போன்றவையும் காரணமாகலாம் என்கிறது மருத்துவம். அறுவை சிகிச்சையால் அதைச் சீராக்கவும் முடியும். "நீ கிரகணத்தில் வெளியே வந்தாய்" என்று ஆயுள் முழுதும் ஒரு தாயைச் சுடும் பழிக்கு மட்டும் சிகிச்சை இல்லை. இதே வட்டாரத்தில் கர்ப்பிணிகள் பட்டாசு மருந்துத் தூசிக்கிடையே வேலை செய்வதைக் கண்டு பதறாத நாம், மூன்றரை இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் விழும் நிழலைக் கண்டு பதறுகிறோம். சிவப்பு மத்தாப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு வேண்டும். நிலவு சிவப்பதற்கோ பூமியின் காற்றுமண்டலத்தில் வளைந்து செல்லும் சூரிய ஒளியே போதும்.

ஹிஜ்ரி 10இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. கி.பி. 632 ஜனவரி 27 என்பது வானியலார் கணக்கு. மைந்தரின் மறைவுக்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசினர். அந்தத் துயர வேளையிலும் அண்ணலார் அதை மறுத்தார்கள். எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கிரகணம் பிடிப்பதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்றார்கள். தொழுகையில் பெண்களும் நின்றனர். நெடுநேரம் நின்றதால் மயக்கம் மேலிட, அஸ்மா (ரலி) அவர்கள் தம் தலையில் நீரூற்றிக்கொண்டார்கள் என்பது ஹதீஸ். நம் பிள்ளையோ ஒரு மிடறு நீருக்கு நள்ளிரவு கடக்கும்வரை காத்திருந்தாள்.

கடலோர ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். சந்திர கிரகணத்தின்போது பள்ளியில் ஜமாஅத், ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூஉ, பின்னர் குத்பா என ஊரறிய நடைபெறும். நம் பகுதியில் மிகுந்துள்ள ஹனஃபிகளுக்கு அது வீட்டில் தனித்தனியே தொழும் தொழுகை. பள்ளியில் நிகழாததால் வீட்டிலும் மறந்துபோனோம். காலியான அந்த இடத்தில் அச்சம் வந்து அமர்ந்துகொண்டது என்றே நான் கருதுகிறேன். வீட்டுத் தொழுகை என்றால் அது பெண்களுக்கும் உரியதன்றோ! அடைத்த அறையில் அவளுக்குத் தேவைப்பட்டவை ஒரு செம்பு நீரும் ஒரு முஸல்லாவும்தாம். இதை மாமியிடமும் சொன்னேன். மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை.

டிசம்பரில் பேத்தி பிறந்தாள். தொடக்கம் முதல் முடிவு வரை நாம் காணத்தக்க அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு வருகிறது. குழந்தைக்கு அப்போது மூன்று வயது நிறைந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். அன்று எல்லோரும் வாலிநோக்கம் கரைக்கு வந்துவிட வேண்டும், மாமியையும் கட்டாயம் அழைத்து வர வேண்டும் என்று காக்கா இப்போதே தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறார். மாமி இன்னும் பதில் சொல்லவில்லை.