கணினி மெதுவாகிறதா, மெதுவாக்கப்படுகிறதா?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் கணினியாக இருந்தால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய மையச் செயலியும் தேவை. 2017 ஆம் ஆண்டுக்கு முன் தயாரான கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

அவற்றின் உரிமையாளர்களுக்குக் கூறப்படும் யோசனை, புதிய கணினி வாங்குங்கள் என்பதே. பழையது எப்படியும் மெதுவாகிவிட்டது என்ற எண்ணம் இருப்பதால், பலர் மறுபேச்சின்றி இதை ஏற்கின்றனர். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதே இங்கு கேள்வி.

கணினியின் மையச் செயலி, வண்டிச் சக்கரத்தைப் போலத் தேய்வதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் எந்த வேகத்தில் கணக்கிட்டதோ, அதே வேகத்தில்தான் இன்றும் கணக்கிடுகிறது. கூடியிருப்பது அதன் மீதான சுமை. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 64 மெகாபைட். 2021 இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 கிகாபைட், அதாவது 64 மடங்கு. வன்பொருள் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமடைகிறது என்று சுவிட்சர்லாந்து கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995 ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார்.

நினைவகம் போதாதபோது, கணினி தகவல்களை வன்தட்டுக்கு மாற்றி மாற்றி எடுக்கிறது. பழைய வன்தட்டு சுழலும் இயந்திரம் என்பதால், காத்திருப்பின் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது. அச்சுப்பொறி முதல் அரட்டைச் செயலி வரை ஒவ்வொன்றும் கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கிக்கொள்வது இன்னொரு காரணம். காற்றாடியில் தூசி அடைத்தால் வெப்பம் ஏறி, மையச் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பதும் உண்டு.

ஆகவே தேவையற்ற தொடக்க நிரல்களை நிறுத்துவதும், தூசியை அகற்றுவதும் செலவில்லாத முதல் படிகள். அதற்கும் அசையாவிட்டால், வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவதே மிகப் பெரிய மாற்றத்தைத் தரும். நினைவகத்தைக் கூட்டலாம், ஆனால் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் வழியில்லை. ஒரே சொடுக்கில் வேகம் கூடும் என விளம்பரப்படுத்தப்படும் மென்பொருட்களோ, பெரும்பாலும் பின்னணியில் ஓடும் இன்னொரு சுமையாகவே முடிகின்றன.

வேகம் வெளியிலிருந்தே குறைக்கப்பட்ட நிகழ்வுகளும் இல்லாமலில்லை. பழைய ஐபோன்களின் வேகத்தைத் தமது மென்பொருள் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரி நலிந்த கைபேசி திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கியது. காரணம் பொய்யல்ல, பயனாளரிடம் சொல்லாததே தவறு. இதற்காகவே 2020 இல் பிரான்ஸ் அதிகாரிகள் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தனர். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகளுக்கு வந்த திருத்தங்கள் பழைய கணினிகளின் வேகத்தைக் குறைக்கும் என்பதை மைக்ரோசாஃப்டே சொல்லியிருந்தது.

விண்டோஸ் 10 விவகாரம் இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கு கணினியின் வேகம் குறைக்கப்படவில்லை. அது பாதுகாப்பாக இயங்கும் காலத்துக்கு எல்லை போடப்பட்டுள்ளது. கடவுச்சொற்களையும் வட்டிலுள்ள தகவல்களையும் காக்க டிபிஎம் உதவுகிறது என்ற நிறுவனத்தின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எஸ்எஸ்டி பொருத்தி நன்றாக ஓடும் கணினியையும் அந்த எல்லை விட்டுவைப்பதில்லை.

தனிநபர்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டன. நிபந்தனைகள்தான் நாட்டுக்கு நாடு மாறின. நுகர்வோர் அமைப்புகள் கொடுத்த அழுத்தத்தின் பின், ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் காப்புப்பிரதி நிபந்தனையின்றி இலவசமாக்கப்பட்டது. பாரிஸிலும் ஒஸ்லோவிலும் வாழும் தமிழருக்குக் கிடைத்த அந்தச் சலுகை, லண்டனிலும் டொரொண்டோவிலும் உள்ள உறவினருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கணினி அமைப்புகளை நிறுவனத்தின் இணையக் கணக்கில் சேமிக்க இசைய வேண்டும். அல்லது வெகுமதிப் புள்ளிகளோ 30 டாலரோ கொடுக்க வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவது இன்னொரு வழி. பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் பழைய கணினிகளிலும் ஓடுகின்றன. தமிழில் தட்டச்சு செய்வதிலும் தடையில்லை. ஆனால் குறிப்பிட்ட கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் சிறு கடைக்காரருக்கு இது எளிதான தெரிவல்ல.

உலகில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சியானதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்தியது. கைபேசிகளையும் பலகைக் கணினிகளையும் பற்றிய அந்த விதிக்குள் மடிக்கணினிகளும் மேசைக் கணினிகளும் சேர்க்கப்படவில்லை.